தேள் நஞ்சை எப்படி எடுக்கிறார்கள்? விஷமுறிவு மருந்துக்கு முந்தைய வேலை

தேள் விஷம் என்றதும் இணையத்தில் முதலில் வந்து நிற்பது விலைதான். ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) விஷம் 3 கோடியே 90 லட்சம் டாலர் என்ற ஒற்றை வரி பல ஆண்டுகளாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதை நம்பிக் கருந்தேள் பிடிக்க இரவெல்லாம் அலைந்தவர்கள் உண்டு. பாகிஸ்தானில் 2010களில் அது ஒரு மோகமாகவே பரவி, தேளின் எடைக்கு விலை பேசும் அளவுக்குப் போனது. விலைக்கு அடுத்தபடி அடிபடும் பேச்சுகள் மூன்று: தேளின் விஷத்தையே கொஞ்சமாக ஊசி போட்டுக் குணப்படுத்துகிறார்கள், வாலை நறுக்கித்தான் விஷம் எடுக்கிறார்கள், பாம்புக்கடி மருந்தே தேளுக்கும் போதும். நடுவில் உள்ளதில் ஓரளவு பழைய உண்மை இருக்கிறது. மற்ற இரண்டும் தவறு. கடைசியது உயிரோடு விளையாடும் தவறு.

2008இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் 12 லட்சம் பேருக்கு மேல் தேள் கொட்டுகிறது. 3,250க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். உடல் சிறிது, நஞ்சின் அளவோ அதேதான் என்பதால் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அவர்களைக் காப்பாற்றக்கூடிய மருந்து எப்படி உருவாகிறது என்பது விலைக் கதைகளுக்கு அடியில் புதைந்துவிடக் கூடாது. அந்த மருந்தின் தரம், தேளிடமிருந்து முதல் துளியை வாங்கும் மேசையிலேயே தீர்மானமாகத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு எடுத்தோம் என்பதைவிட எதை எடுத்தோம், எவ்வளவு சுத்தமாக எடுத்தோம் என்பதே அங்கே முக்கியம்.

நஞ்சு மருந்தல்ல, அடையாளம்

திருட்டு நடந்த இடத்துக்கு மோப்ப நாயைக் கூட்டி வருகிறார்கள். திருடன் விட்டுச்சென்ற துணியை முகரக் கொடுக்கிறார்கள். அந்த வாடையை வைத்துக்கொண்டு நாய் கூட்டத்துக்குள் அவனைத் தேடிப் பிடிக்கிறது. துணி திருடனைப் பிடிக்காது, நாய்தான் பிடிக்கும். ஆனால் அந்தத் துணியைப் பத்துப் பேர் தொட்டுக் கசக்கியிருந்தால், நாய் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தடுமாறும்.

விஷமுறிவு மருந்துத் தயாரிப்பில் நஞ்சு அந்தத் துணியின் இடத்தில் இருக்கிறது. நாயின் இடத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு குதிரையின் நோய் எதிர்ப்பு அமைப்பு. மிகச் சிறிய அளவில் தேள் நஞ்சைக் குதிரைக்கு ஊசியாகப் போடுகிறார்கள். அந்த அந்நியப் பொருளை அடையாளம் கண்டு, அதைப் பற்றிக்கொள்வதற்கென்றே குதிரையின் உடல் சில புரதங்களை உருவாக்குகிறது. அவற்றுக்கு எதிர்ப்பொருள்கள் என்று பெயர். இந்த எதிர்ப்பொருள்களைக் குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்துச் சுத்தப்படுத்தியதுதான் விஷமுறிவு மருந்து. நோயாளிக்குள் போகும் குப்பியில் தேளின் நஞ்சு இல்லை. அதைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்தான் இருக்கிறது.

பாம்புக்கடி மருந்து தேளுக்குப் பயன்படாததற்கும் இதுவே காரணம். பாம்பின் நஞ்சுக்காக உருவான எதிர்ப்பொருள்களுக்குத் தேளின் நச்சுப்புரதங்களைத் தெரியாது. இரண்டின் வடிவமும் வேறு.

கொடுக்குக்குள் என்ன இருக்கிறது?

தேளின் வாலில் கடைசியாக உருண்டு திரண்டு, நுனியில் ஊசியாக வளைந்திருக்கும் பகுதிதான் கொடுக்கு. அதற்குள் இரண்டு நஞ்சுச் சுரப்பிகள் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு தசை போர்த்தியிருக்கிறது. தசை சுருங்கும்போது சுரப்பி அழுத்தப்பட்டு, ஊசி முனையருகே உள்ள இரண்டு நுண்துளைகள் வழியே நஞ்சு வெளியேறுகிறது. இந்தத் தசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நஞ்சு எடுக்கும் முறைகளுக்கு இடையிலான வித்தியாசமெல்லாம், அந்தத் தசையை யார் சுருக்குகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

நஞ்சு என்பது ஒரே பொருள் அல்ல. நீர், உப்புகள், சளி போன்ற வழவழப்பான பொருள்கள், நூற்றுக்கணக்கான சிறு புரதங்கள் எல்லாம் கலந்த கலவை அது. அந்தச் சிறு புரதங்களில் சிலவே மனிதரைத் தாக்குகின்றன. அவற்றை நச்சுப்புரதங்கள் என்று அழைப்போம். நம் நரம்பு செல்களின் மேற்பரப்பில் சோடியம் அயனிகள் உள்ளே வர நுண்ணிய வாயில்கள் உண்டு. திறந்த வேகத்திலேயே அவை மூடிக்கொள்ள வேண்டும். ஆபத்தான தேள்களின் நச்சுப்புரதங்கள் இந்த வாயில்களில் ஒட்டிக்கொண்டு, அவற்றை மூடவிடாமல் செய்கின்றன, அல்லது நேரம் தவறித் திறக்க வைக்கின்றன. நரம்புகள் ஓயாமல் சமிக்ஞை அனுப்புகின்றன. அட்ரினலின் போன்றவை ரத்தத்தில் கொட்டுகின்றன. வியர்வை, கைகால் குளிர்தல், ரத்த அழுத்த ஏற்றம் என்று தொடங்கி, மோசமானால் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது.

சில தேள்களிடம் ஒரு வியப்பான ஏற்பாடு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பாராபுத்தஸ் வகைத் தேள் முதலில் தெளிந்த ஒரு துளியை விடும். அதில் பொட்டாசியம் உப்பு மிகுதி. உடனடி வலிக்கு அதுவே போதும். எதிரி அதற்கும் அஞ்சி விலகவில்லை என்றால்தான் பால்போல வெண்மையான, புரதம் செறிந்த இரண்டாம் நஞ்சு வருகிறது. 2003இல் வெளியான ஆய்வு முதல் துளிக்கு முன்நஞ்சு என்று பெயர் வைத்தது. புரதம் நிறைந்த நஞ்சைத் தயாரிக்கத் தேளுக்கு அதிகச் சக்தி செலவாகும். அதனால் அது சிக்கனம் பார்க்கிறது. நஞ்சு எடுப்பவருக்கு இதனால் எழும் சிக்கல் வெளிப்படை: முதல் துளியோடு நிறுத்திக்கொண்டால், கையில் கிடைப்பது மருந்துக்கு உதவாத உப்புநீர்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நஞ்சு ஒரு கலவை, அதில் சில நச்சுப்புரதங்களே கொல்கின்றன, அவற்றைக் குதிரைக்குச் சரியாக அறிமுகப்படுத்துவதே நஞ்சு எடுப்பவரின் வேலை.

முதல் வழி: கொடுக்கை வெட்டி அரைப்பது

பழைய முறை இது. தேளைக் கொன்று, அல்லது இறந்த தேளிலிருந்து, கொடுக்கை மட்டும் வெட்டி எடுப்பார்கள். உலர்த்தி, அல்லது உறைய வைத்து, நீரிலோ உப்புக்கரைசலிலோ அரைப்பார்கள். பிறகு மையவிலக்கியில் வேகமாகச் சுழற்றினால் கனமான துகள்கள் அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதை எடுத்துக்கொள்வார்கள். "வாலை வெட்டி எடுக்கிறார்கள்" என்ற பேச்சு இங்கிருந்து வந்ததுதான்.

மின்கருவி வேண்டாம், பழகிய கை வேண்டாம், உயிருள்ள தேளோடு போராட வேண்டாம் என்பது இதன் வசதி. ஆனால் அரைத்த கரைசலில் தசை, சுரப்பியின் திசு, தேளின் ரத்தம் எல்லாம் கலந்துவிடுகின்றன. பத்துப் பேர் கசக்கிய துணி இதுதான். குதிரையின் உடல் அந்தத் தசைப் புரதங்களுக்கும் எதிர்ப்பொருள் உருவாக்கும். மனிதரைக் கொல்லாத பொருளுக்கு எதிராக உருவாகும் அவற்றால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை. தேவையில்லாத குதிரைப் புரதச் சுமைதான் மிச்சம். அரைத்த நஞ்சையும் பிற முறைகளில் எடுத்த நஞ்சையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், அதே எடைக்கு அரைத்ததன் வீரியம் குறைவாகவே இருந்திருக்கிறது. போதாததற்கு, ஒரு தேள் ஒரே முறைதான் பயன்படும். வேறு வழியே இல்லாத இடத்தில் இதைப் புரிந்துகொள்ளலாம். வழி இருக்கும்போதும் தொடர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் வழி: தேளே கொட்டட்டும்

சிறு குப்பியின் வாயில் மெழுகுத் தன்மையுள்ள மெல்லிய படலத்தை இழுத்துக் கட்டுவார்கள். தேளை நீண்ட இடுக்கியால் பிடித்து, கொடுக்கைப் படலத்தின் அருகே கொண்டுவந்து சீண்டுவார்கள். அது கோபத்தில் படலத்தைத் துளைத்துக் கொட்டும். நஞ்சு குப்பிக்குள் விழும்.

தேள் இயற்கையில் எதைச் செலுத்துமோ, அதுவே இங்கே கிடைக்கிறது. திசுக் கலப்பு மிகக் குறைவு. நஞ்சின் இயல்பை ஆராய்பவர்கள் இந்த முறையை மதிப்பது அதனால்தான். ஆனால் எவ்வளவு விடுவது என்ற முடிவு தேளின் கையில் இருக்கிறது. நஞ்சே இல்லாமல் வெறுமனே குத்திவிட்டும் போகும். முன்நஞ்சு மட்டும் விட்டு நிறுத்திக்கொள்ளவும் செய்யும். ஆய்வுக்கு இது போதும். மருந்து தயாரிக்கும் அளவுக்குச் சேர்ப்பது கடினம்.

மூன்றாம் வழி: மின்தூண்டல்

இன்று மருந்துக்காக நஞ்சு எடுக்கும் இடங்களில் பரவலாக உள்ள முறை மின்தூண்டல். குறைந்த மின்னழுத்தத்தில் மிகக் குறுகிய மின்துடிப்புகளைக் கொடுத்து, சுரப்பியைப் போர்த்திய தசையைச் சுருங்க வைப்பதற்குத்தான் இந்தப் பெயர். தேளின் விருப்பத்துக்கு இங்கே இடமில்லை. தசையைச் சுருக்குவது மின்சாரம்.

தேளை அசையாதபடி பிடித்துக்கொள்கிறார்கள். வாலின் கடைசிக் கணுக்களில் உப்புக்கரைசல் தடவுகிறார்கள். தேளின் மேலோடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பதால் இந்த ஈரம் அவசியம். இரண்டு மின்முனைகளை அங்கே தொட்டுத் துடிப்பு கொடுத்ததும் ஊசி முனையில் துளி திரள்கிறது. முதலில் தெளிவாக, பிறகு கலங்கலாக, கடைசியில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நுண்ணிய கண்ணாடிக் குழாயிலோ சிறு குப்பியிலோ அதைப் பிடித்து உடனே குளிரில் வைக்கிறார்கள்.

கை பழகியவர் இங்கேதான் தெரிவார். துடிப்பு பலவீனமாக இருந்தால் துளி வராது. மிஞ்சினால் தேள் காயப்படும், சில நேரம் செத்தும் போகும்; காயத்திலிருந்து கசியும் ரத்தம் நஞ்சோடு கலக்கும். தேளின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு கொண்ட புரதம்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது. அளவில் பெரிதான அந்தப் புரதம் ஒரு துளி நஞ்சுக்குள் நுழைந்தாலே கலவையின் கணக்கு மாறிவிடும். இனத்துக்கு இனம், உடல் அளவுக்கு ஏற்ப, துடிப்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒழுங்காகச் செய்தால் தேள் பிழைக்கும். இரண்டு முதல் நான்கு வாரம் ஓய்வு கொடுத்து, மீண்டும் அதே தேளிடமிருந்து எடுக்கலாம். அவசரப்பட்டால் பயனில்லை. காலியான சுரப்பி திரவத்தால் முதலில் நிரம்பிவிடும். புரதங்கள் முழு அளவுக்குத் திரும்ப அதைவிட அதிக நாள் பிடிக்கும். துளி பெரிதாக இருக்கும், சத்து இருக்காது.

இந்த வேலையில் மனிதருக்குள்ள ஆபத்தைக் குறைக்க இயந்திரங்களும் வந்திருக்கின்றன. மொராக்கோவின் காசாபிளாங்கா நகரிலுள்ள இரண்டாம் ஹசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தேளின் வாலைக் கவ்விப் பிடித்து மின்துடிப்பு கொடுத்து நஞ்சைச் சேகரிக்கும் தொலைவியக்கக் கருவியை 2017இல் அறிமுகப்படுத்தினார்கள். தேளைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை என்பதோடு, ஒவ்வொரு இனத்துக்கும் உரிய அமைப்பைக் கருவியே நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதும் அதன் பயன்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்: அரைப்பதில் கலப்படம் அதிகம், கொட்ட வைப்பதில் அளவு குறைவு, மின்தூண்டலில் இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல சமநிலை. மின்தூண்டலில் வருவது தேள் இயல்பாகக் கொட்டும்போது வருவதை அப்படியே ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது; சுரப்பியில் உள்ளதை முழுவதும் பிழிந்து எடுக்கிறோம். மருந்துக்கு அதில் குற்றமில்லை. கொல்லக்கூடிய நச்சுப்புரதங்கள் எல்லாமே குதிரைக்கு அறிமுகமாகிவிடுவது நல்லதுதான்.

எந்தத் தேள்?

இதைக் கேட்காமல் நஞ்சு எடுத்துப் பயனில்லை. உலகில் 2,500க்கும் மேற்பட்ட தேள் இனங்கள் இருக்கின்றன. மனித உயிருக்கு ஆபத்தானவை அவற்றில் சில பத்துகளே, பெரும்பாலும் புத்திடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியச் செந்தேள், வட ஆப்பிரிக்காவின் தடித்த வால் தேள்கள், மெக்சிகோவின் சென்ட்ரூராய்டஸ், பிரேசிலின் மஞ்சள் தேள் ஆகியவை இந்தக் குடும்பத்தவை. நட்டுவாக்காலி என்று நாம் அழைக்கும் கன்னங்கரிய பெருந்தேள் பார்க்கத்தான் பயங்கரம். அதன் நஞ்சு மனிதரைக் கொல்லும் ரகமல்ல. எடைக்கு விலை பேசிப் பிடிக்கப்பட்ட கருந்தேள்கள் எத்தனை வீணாகச் செத்திருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தேள்களைக் காட்டிலிருந்து பிடிக்கிறார்கள், அல்லது வளர்க்கிறார்கள். பிடிப்பதற்கு இரவுதான் ஏற்றது. புற ஊதா விளக்கின் கீழ் தேளின் மேலோடு பச்சையும் நீலமுமாக ஒளிர்வதால், கல் இடுக்கில் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். வளர்ப்பது பொறுமை கேட்கும் வேலை. தேள்கள் மெதுவாக வளரும். ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் பல இனங்களைத் தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். பிரேசிலின் மஞ்சள் தேள் இதில் விதிவிலக்கான வசதி கொண்டது: ஆண் இல்லாமலேயே பெண் தேள் குட்டி ஈனும். அதே காரணத்தால் அந்நாட்டு நகரங்களில் அது பெருகித் தொல்லை தருகிறது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே இனமானாலும் இடத்துக்கு இடம் நஞ்சின் கலவை மாறும். இந்தியச் செந்தேளிலேயே வெவ்வேறு வட்டாரங்களின் நஞ்சுக்குள் வேறுபாடு காணப்பட்டிருக்கிறது. ஒரு மூலையில் பிடித்த தேள்களின் நஞ்சை மட்டும் வைத்து மருந்து தயாரித்தால், மற்றொரு மூலையில் கொட்டுப்பட்டவருக்கு அது குறைவாக வேலை செய்யலாம். எனவே பல இடங்களிலிருந்து, பல தேள்களிடமிருந்து எடுத்ததைக் கலந்து ஒரு தொகுதியாக்குகிறார்கள். இனம், இடம், நாள் ஆகிய மூன்றும் எழுதப்படாத நஞ்சுக் குப்பி மருந்துத் தயாரிப்புக்கு உதவாது.

காலன் கணக்கு

இப்போது அந்த விலைக் கதைக்கு வரலாம். ஒரு தேளிடம் ஒரு முறை எடுத்த நஞ்சை உலர்த்தினால் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அரை மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிராம் சேர 2,000 முறை எடுக்க வேண்டும். ஒரு பெரிய விரியன் பாம்பு ஒரே முறையில் நூறு மில்லிகிராமுக்கு மேல் தரக்கூடும். திரவமாகக் கணக்கிட்டால், முறைக்கு இரண்டு மைக்ரோலிட்டர் என்று கொண்டு, ஒரு அமெரிக்க காலன் நிறையச் சுமார் 19 லட்சம் முறை எடுக்க வேண்டும். அப்படி ஒரு காலனை யாரும் விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. ஆய்வகத்துக்காகச் சுத்தப்படுத்திய மில்லிகிராமின் விலையை எடுத்து காலனால் பெருக்கியதில் பிறந்த எண் அது. அடையாளம் தெரியாத ஒருவர் புட்டியில் கொண்டுவரும் நஞ்சை எந்த மருந்து நிறுவனமும் வாங்காது என்பது, மேலே சொன்ன இனம், இடம், நாள் கணக்கைப் படித்தவர்களுக்குப் புரியும்.

துளியிலிருந்து குப்பி வரை

எடுத்த துளியை மையவிலக்கியில் சுற்றிச் சளியையும் துகளையும் நீக்குகிறார்கள். பிறகு உறைநிலை உலர்த்தல்: நஞ்சை உறைய வைத்து, வெற்றிடத்தில் அதன் பனி நேரடியாக ஆவியாகும்படி செய்வது. சூடு படாததால் புரதங்கள் கெடுவதில்லை. மிஞ்சும் வெள்ளைத் தூளை உறைகுளிரில் நெடுங்காலம் வைத்திருக்கலாம். ஒவ்வொரு தொகுதியின் வீரியத்தையும் சோதித்த பிறகே குதிரைக்குப் போகிறது.

குதிரைக்கு முதலில் மிகக் குறைந்த அளவு, வாரக்கணக்கில் படிப்படியாகக் கூடுதல். தேளில் ஒரு தனிச் சிக்கல் இங்கே எழுகிறது. அதன் கொடிய நச்சுப்புரதங்கள் மிகச் சிறியவை, 60 முதல் 70 அமினோ அமிலங்கள் கொண்டவை. கலவையில் அவற்றின் பங்கும் குறைவு. பெரிய, கண்ணை உறுத்தும் புரதங்களைக் குதிரையின் உடல் முதலில் கவனிக்கும். ஆபத்தான சிறியவற்றைக் கோட்டைவிடும். எதிர்ப்பைத் தூண்டிவிடும் துணைப்பொருள்களைச் சேர்த்து இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். திசுவும் ரத்தமும் கலந்த நஞ்சு ஏன் இவ்வளவு கெடுதல் என்பது இந்த இடத்தில் முழுசாக விளங்கும்: கவனத்தைத் திசைதிருப்பும் பெரிய புரதங்களை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

போதிய எதிர்ப்பொருள் உருவானதும் குதிரையின் ரத்தத்தில் ஒரு பங்கை எடுத்து, அதன் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மட்டும் வைத்துக்கொண்டு, ரத்த அணுக்களைக் குதிரைக்கே திரும்பச் செலுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எதிர்ப்பொருள் ஆங்கில எழுத்து ஒய் வடிவில் இருக்கும். அதன் தண்டுப் பகுதியைப் பெப்சின் என்ற நொதியால் நறுக்கிவிட்டு, நஞ்சைப் பிடிக்கும் இரு கைகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஒவ்வாமை குறைய அது உதவுகிறது.

இந்த அடிப்படை புதியதல்ல. 1909இலேயே கெய்ரோவில் சார்லஸ் டாட் என்ற ஆய்வாளர் தேள் நஞ்சுக்கு எதிர்ச்சீரம், அதாவது எதிர்ப்பொருள்கள் கொண்ட ரத்தத் திரவம், தயாரித்து அதைப் பற்றி எழுதினார். மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற ஐயத்துக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 15 குழந்தைகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்ற 8 பேருக்கும் நான்கு மணி நேரத்துக்குள் நரம்புப் பாதிப்பு நீங்கியது. மருந்தில்லா ஊசி பெற்ற 7 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரத்தக்குழாயைத் தளர்த்தும் பிரசோசின் மாத்திரையால் 1980கள் முதல் செந்தேள் கொட்டியவர்களைக் காப்பாற்றி வந்தவர். 2011இல் வெளியான அவரது ஆய்வு, பிரசோசினோடு விஷமுறிவு மருந்தும் கொடுத்தால் நோயாளிகள் இன்னும் விரைவாகத் தேறுவதைக் காட்டியது.

தேளே இல்லாமல் முடியுமா?

நச்சுப்புரதத்துக்கான மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்து, தேளைத் தொடாமலேயே அந்தப் புரதத்தைத் தயாரிக்க முடியும். குதிரை இல்லாமல் ஆய்வகத்திலேயே எதிர்ப்பொருள் துண்டுகளை உருவாக்கும் முயற்சிகளும் மெக்சிகோ, துனிசியா போன்ற நாடுகளில் நடக்கின்றன. இவை வெற்றி பெற்றால் கலப்படச் சிக்கலே இருக்காது; தேவையான நச்சுப்புரதத்தை மட்டும் குதிரைக்குக் காட்டலாம். ஆனால் இப்படி உருவாகும் எந்த மருந்தையும், நிஜத் தேளின் முழு நஞ்சுக்கு எதிராக வைத்துச் சோதித்தாக வேண்டும். அந்த நஞ்சை எடுக்க அப்போதும் உப்புக்கரைசலும் மின்முனையும் பழகிய கையும் தேவைப்படும்.